டாக்டர் துரைப்பாண்டியின் வலது கை

1974ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், சங்கரன்கோவில் டாக்டர் துரைப்பாண்டியின் வலது கையில், அதுவரை அவர் பிடித்துப் பார்த்த நாடிகளெல்லாம் துடிக்கத் தொடங்கின. முப்பத்தொரு வருஷ வேலையில், எவ்வளவு கூட்டமானாலும் நூறு துடிப்பு எண்ணாமல் அவர் யாருடைய கையையும் விட்டதில்லை. அதனால் ஒன்றுகூடத் தொலையாமல் வந்து சேர்ந்திருந்தன. கை கொஞ்சம் கனத்தது. சட்டையில் வலது கையை மட்டும் அகலமாகத் தைக்க வேண்டியிருந்தது.

யாராவது இறந்தால் ஒரு நாடி நின்றுவிடும். ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, பனவடலிசத்திரம் நல்லக்கண்ணு போய்விட்டார் என்றார் டாக்டர். "அதுக்காக ரசத்த ஆறப்போடாதீக" என்றாள் மனைவி கோமதித்தாய். சாயங்கால பஸ்ஸில் சேதி வந்தது.

1981இல் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தறிக்காரர் வீட்டு ஆமினாள் வந்தாள். துபாய் போன மகன் முகம்மது மைதீனிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதமில்லை. அவன் ஏறிய படகு மூழ்கிவிட்டதாகக் கடையநல்லூரில் ஒருவர் சொல்லியிருந்தார். அன்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் உடல் இல்லாமலே ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை தொழுவது, மருமகள் விதவையாக நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தா இருப்பது என்று பள்ளிவாசலில் பேசி முடித்துவிட்டார்கள்.

"ஆறு வயசுல டைபாய்டு வந்தப்போ பதினோரு நாள் நீங்கதான் அவன் கையைப் பிடிச்சிருந்தீக. இருக்கானா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க டாக்டரய்யா."

இருக்கிறான் என்று தப்பாகச் சொன்னால் மருமகள் ஆயுள் முழுக்கக் காத்திருப்பாள். இல்லை என்று தப்பாகச் சொன்னால் உயிரோடு இருப்பவனுக்குத் தொழுதுவிடுவார்கள். டாக்டர் கையை மேசைமேல் நீட்டிக் கண்ணை மூடினார். பையனுடைய நாடி ஐந்து துடிப்புக்கு ஒன்று தப்பும். அப்படித் தப்புகிறவை நானூறு இருந்தன. கரிவலம்வந்தநல்லூர்க் கிழவர்களை விலக்கினார். புளியங்குடி எலுமிச்சை வியாபாரிகளை விலக்கினார். தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. வெகு தூரத்தில், சுமை தூக்குகிறவனின் வேகத்தில் அடித்தது. அவசரப்படாமல் நூறு எண்ணினார்.

"இருக்கான் தாயி. நல்லாவே அடிக்கி. போய்ச் சொல்லு."

இமாம் கேட்டது ஒன்றுதான்: டாக்டர் எத்தனை எண்ணினார்? நூறு என்றதும், ஜும்ஆ மட்டும் தொழுதுவிட்டு எல்லாரும் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு அரபு நாட்டுக்குப் போகிறவர்கள், பாஸ்போர்ட் வந்ததும் டாக்டரிடம் ஒரு தடவை கையைக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஆமினாள் அதைப் பிரிக்காமல் கொண்டுவந்து டாக்டரிடம் நீட்டினாள். அவர் முதல் வரியை வாசித்தார்: உம்மா, நான் உயிரோடு இருக்கிறேன்.

"அதத்தான் நீங்க அன்னைக்கே சொல்லிட்டீகளே" என்றாள் ஆமினாள். "அடுத்தத வாசிங்க."