எதிரி டப்பா

பூச்சியக்காவுக்கு உலகத்தில் மூன்று டப்பாக்கள்தான். பயிரைத் தின்பது எதிரி. எதிரியைத் தின்பது நண்பன். இரண்டும் செய்யாமல் சும்மா பறந்து திரிவது வழிப்போக்கன். விவசாயிகள் சங்கத்தில் அவளுடைய வேலையே அதுதான். தக்காளித் தோட்டங்களைச் சுற்றி வந்து, கண்ணில் பட்டதைப் பிடித்து, எது எந்த டப்பா என்று பிரிப்பாள். மருந்து அடிக்கும் நேரம் வந்துவிட்டதா, இன்னும் பொறுக்கலாமா என்று சொல்வாள். சங்கத்தில் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் பூச்சியக்கா.

பழகிய கை மனிதர்களிடம் மட்டும் சும்மா இருக்குமா? அவர்களையும் டப்பாவில் போட்டுவிடுவாள். சங்கத் தலைவர் வழிப்போக்கன். நாள் முழுக்க ரீங்காரம், கடிக்க மட்டும் தெரியாது. மாடி வீட்டுக்காரி பார்க்க நண்பன், குணத்தில் எதிரி. தங்கையைக் கட்டிய மருந்துக்கடைக்காரரை மட்டும் எதில் போடுவது என்று கல்யாணம் ஆன நாளிலிருந்தே இழுபறி. மருந்தைத் தள்ளிப்போடச் சொல்வது இவள் பிழைப்பு, மருந்தை விற்பது அவர் பிழைப்பு. சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசிக்கொள்வார்கள்.

ஆனாலும் வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போவாள். அப்பா அம்மா போன பிறகு தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தங்கைக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, மாப்பிள்ளை பார்த்து முடிப்பதற்குள் தனக்கென்று ஒன்றும் பார்த்துக்கொள்ளாமலே வயது போய்விட்டது. போய் உட்கார்ந்து 'பசிக்குதுடி' என்று சொல்ல உலகத்தில் அவளுக்கு இருந்தது அந்த ஒரு வாசல்தான். அது அடைபட்டால் வேறு கிடையாது.

இந்தப் பருவத்தின் முதல் பொறியை அந்த வீட்டுக் கொல்லையில்தான் கட்டினாள். முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் தக்காளி. பொறி என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. ஒரு கம்பு, ஒரு புனல், அதன் கீழே நீளமான பிளாஸ்டிக் பை. புனலுக்கு மேலே பெண் அந்துப்பூச்சியின் வாசனை ஏற்றிய சின்ன ரப்பர் துண்டு ஒன்றை மாட்ட வேண்டும். லூர் என்பார்கள். மனித மூக்குக்கு அதில் ஒரு வாசனையும் தெரியாது. ஆண் அந்துப்பூச்சிக்கோ தலைகால் புரியாது. பெண் காத்திருக்கிறாள் என்று அடித்துப் பிடித்து வந்து பைக்குள் விழும். பையில் விழுவதை எண்ணினால் முட்டை பொரித்துக் காய்ப்புழு எவ்வளவு வரப்போகிறது என்று ஊகிக்கலாம். ஒரு வரம்பைத் தாண்டினால் சங்கத்து வாசலில் சிவப்புப் பலகை. பலகை ஏறினால் எல்லாத் தோட்டத்திலும் மருந்து.

அன்றைக்கு நல்ல குளிர். லூரின் உறையைப் பிரிக்கும்போதே தங்கை மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு டீ கொண்டுவந்தாள்.

"ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தரக்கூடவா அந்த வீட்டுல ஆளில்ல?" என்று திட்டிக்கொண்டே தன் ஸ்வெட்டரைக் கழற்றித் தங்கைக்கு மாட்டிவிட்டாள்.

அந்தக் களேபரத்தில் லூர் எங்கேயோ விழுந்துவிட்டது. குனிந்து தேடினாள், கிடைக்கவில்லை. தொலையட்டும் என்று இன்னொன்றைப் பிரித்து மாட்டிவிட்டு டீயைக் குடித்தாள்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. மற்றத் தோட்டத்துப் பொறிகளில் ஏதோ பேருக்கு நாலைந்து கிடக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பொறியில் மட்டும் பை கனத்துத் தொங்கும். வரப்புக்கு இந்தப் பக்கம் இப்படி, அந்தப் பக்கம் அப்படி. அந்துப்பூச்சி என்ன, வரப்பு பார்த்தா பறக்கிறது?

பூச்சியக்காவுக்கு மூக்கில் வியர்த்தது. கடைக்குப் போய் எட்டிப் பார்த்தாள். காய்ப்புழு மருந்து கூரை முட்ட அடுக்கியிருந்தது. பெட்டிகளின் நாடா கூடப் பிரிக்கவில்லை.

"சரக்கு நிறைய வந்திருக்கு போல, மாப்பிள்ளை?"

"வரும்போது வாங்கி வைக்கணுமில்லக்கா. ஆமா, பலகை எப்போ வைப்பீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். போன வாரமும் கேட்டார், அதற்கு முந்தின வாரமும் கேட்டார். மருந்து விற்கிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? ஆனால் சந்தேகம் வந்தவள் காதுக்குச் சாதாரணம் என்று ஒன்று உண்டா? இந்த ஒரு பொறியைக் காட்டித்தான் பலகையை ஏற்றப் பார்க்கிறார், பலகை ஏறினால் கடை காலி என்று அவள் மனசு கணக்குப் போட்டது.

சோதித்துப் பார்க்க, பையின் வாயைத் தன் கை முடிச்சால் கட்டிவிட்டு வந்தாள். அடுத்த முறை வந்தபோது முடிச்சு வேறு மாதிரி இருந்தது. இன்னொரு காலை, எதிர்பாராத நேரத்தில் வந்து நின்றாள். பொறிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை. இவளைப் பார்த்ததும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "சும்மாதான்," என்றார். அவள் ஒன்றும் கேட்காமலே 'சும்மாதான்' என்கிற ஆளை என்னவென்று நினைப்பது?

தங்கையும் ஒரு மாதிரி ஆகிவிட்டாள். முன்பெல்லாம் அக்காவின் தலையைக் கண்டதும் அடுப்பைப் பற்ற வைப்பவள், இப்போது கதவில் சாய்ந்துகொண்டு நகத்தைப் பார்த்தாள். பூச்சியக்கா ஒருநாள் அவளைத் தனியாக இழுத்துவைத்து மனசில் இருப்பதைச் சொன்னாள்.

"உன் வீட்டுக்காரர் எங்கேயோ பிடிச்சு வந்து பையில போடுறார்டி. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

தங்கை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "நீயுமா?" என்றாள்.

'நீயுமா' என்றால் என்ன அர்த்தம் என்று அப்போதே கேட்டிருக்கலாம். பூச்சியக்காவுக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. தங்கைக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, புருஷனைக் காப்பாற்றுகிறாள் என்று எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு வீடு போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளையை எதிரி டப்பாவில் போட்டு மூடியும் விட்டாள்.

மறுநாள் மதியம் தலைவருக்குப் போன் போட்டாள்.

"பொறியில கை வைக்கிறாங்க. நம்ம மருந்துக்கடைக்காரர்தான்."

"உங்க தங்கச்சி வீட்டுக்காரரா?" என்றார் தலைவர். குரலில் தூக்கக் கலக்கம் எல்லாம் போய்விட்டது. "நிரூபணம் ஆச்சுன்னா லைசென்ஸ் போயிடும்மா. நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"இன்னைக்கே கையும் களவுமா பிடிச்சுத் தர்றேன்," என்றாள் பூச்சியக்கா.

பொழுது சாய்ந்த நேரம். கொல்லைப்புறமாக வந்து, தக்காளி வரிசைக்குள் குனிந்து உட்கார்ந்தாள். சங்கத்தின் பூச்சி நிபுணர், முழங்காலில் சேறோடு, தங்கை வீட்டுத் தோட்டத்தில் திருடி மாதிரி. யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் எழவில்லை.

அப்படி உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே இருப்பது இலையின் அடிப்பக்கம். பார்க்க வேண்டும் என்று நினைக்காமலே பார்த்தாள். முட்டை இல்லை. அடுத்த இலையைத் திருப்பினாள். இல்லை. பக்கத்துச் செடி, அதற்கு அடுத்த செடி. எங்கும் இல்லை. காயில் ஒரு துளை கூட இல்லை. பொறி நிறைய ஆண்கள் விழும் தோட்டத்தில் பெண் ஒரு முட்டை கூடவா இடாமல் போகும்?

பொறி சொல்வது பாதி, இலை சொல்வது மீதி. இரண்டையும் பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் தொண்டை கிழியக் கத்துபவள் அவள்தான். இத்தனை வாரமாக இந்தத் தோட்டத்தில் முடிச்சைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், மாப்பிள்ளையின் கையைப் பார்த்தாள். இலையைப் பார்க்கவில்லை. வெட்கம் கழுத்து வரைக்கும் ஏறியது.

இருட்டுவதற்கு முன்னால் அந்துப்பூச்சிகள் வரத் தொடங்கின. சில பொறியைச் சுற்றின. மீதி எல்லாம் பொறியைத் தாண்டிப் போயின. எங்கே போகின்றன என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நாலடி தள்ளித் துணி காயும் கொடி. அதில் அவளுடைய பழைய ஸ்வெட்டர். அதன் பையைத்தான் அவை மொய்த்துக்கொண்டிருந்தன. முட்டின, விழுந்தன, திரும்பவும் முட்டின.

அப்போது முதுகுக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் அடித்தது.

"யாரது?"

"நான்தான்," என்றாள் எழ முடியாமல்.

"நீங்கதானா," என்றார் மருந்துக்கடைக்காரர். டார்ச்சை இறக்கவில்லை. "நெனச்சேன்."

"என்ன நெனச்சீங்க?"

"நீங்கதான் கொண்டுவந்து போடுறீங்கன்னு. என் பொறியில மட்டும் ஏன் இவ்வளவு? நான் சரக்கு விக்கிறதுக்காகப் பூச்சியை வளர்க்கிறேன்னு காட்டி, கடையை மூட வைக்கப் பாக்குறீங்கன்னு நெனச்சேன். அதான் தினமும் காலையில பையைப் பிரிச்சுப் பார்ப்பேன், செத்ததைப் போட்டிருக்கீங்களா, உசிரோட விழுந்ததான்னு. பலகை எப்போன்னு வாராவாரம் கேட்டதும் உங்க வாயைக் கிளறத்தான்."

பூச்சியக்காவுக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது. எழுந்து கொடிக்குப் போய் ஸ்வெட்டரின் பைக்குள் கை விட்டாள். பையின் மூலையில் ஓட்டை. ஓட்டைக்குள் விரலை நுழைத்து உள்துணியைத் துழாவினாள். சின்னதாக, ரப்பராக, ஒன்று அகப்பட்டது. வெளியே எடுத்து டார்ச் வெளிச்சத்தில் காட்டினாள். முதல் நாள் தொலைந்த லூர். அவள் கையிலேயே ஓர் அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்து சிறகை அடித்தது.

மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார். "நம்ம ரெண்டு பேருக்கும் நல்லா வேணும்க்கா," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அந்தக் கோபமில்லாத குரல்தான் அவளை உலுக்கியது.

சத்தம் கேட்டுத் தங்கை வெளியே வந்தாள். லூரைப் பார்த்தாள், ஸ்வெட்டரைப் பார்த்தாள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். சொல்லாமலே பாதி புரிந்துகொண்டாள்.

"தோய்க்கவே இல்லையாடி இதை?" என்றாள் பூச்சியக்கா. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"தோய்ச்சா உன் வாசனை போயிடும்னு கொடியில காத்தாட மட்டும் போட்டு வைப்பேன்," என்றாள் தங்கை. "அவர் உன்னைச் சொன்னார், உன்கிட்ட சொல்லாதேன்னார். நீ அவரைச் சொன்னே, அவர்கிட்ட சொல்லாதேன்னே. நடுவுல நான் ஒருத்தி வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி நின்னேன். போகட்டும். வெளியில யார்கிட்டயும் சொல்லலையே?"

மாப்பிள்ளை இல்லை என்று தலையை ஆட்டினார். "நான் உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்."

இரண்டு பேரும் பூச்சியக்காவைப் பார்த்தார்கள். பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் தலைவர் நாளைக்கு வந்து நிற்பார்.

"தலைவர்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள். "மத்தியானம்."

மாப்பிள்ளை கடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பூச்சியக்கா அங்கேயே நின்று போனை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"தலைவரே, நான் சொன்னது தப்பு. லூர் என் ஸ்வெட்டர்ல இருந்தது. தப்பு முழுக்க என்னோடது."

"அடடா," என்றார் தலைவர். "நான் ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டேனேம்மா. அவங்க எத்தனை பேர்கிட்ட சொன்னாங்களோ."

"நாளைக்குக் கூட்டத்துல நானே எழுந்து சொல்றேன்."

"சொல்லுங்க. ஆனா அக்கா, மாப்பிள்ளையைக் காப்பாத்துறதுக்காக இப்படிச் சொல்றாங்கன்னுதான் ஜனங்க பேசும்," என்று அவர் போனை வைத்தார்.

கொல்லையில் அது எல்லார் காதிலும் விழுந்தது. மருந்துக்கடைக்காரர் உள்ளே போனார். அவர் இரண்டு வசவு வைதிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

தங்கை கொடியிலிருந்து ஸ்வெட்டரை உருவினாள். அக்காவை 'சாப்பிட்டியா' என்று கேட்கவில்லை. ஸ்வெட்டரை மடித்து, தன் வயிற்றோடு ஒரு நொடி வைத்திருந்து, பிறகு அக்கா கையில் திணித்தாள்.

"எடுத்துட்டுப் போ. தோய்ச்சுக் கொண்டா."

பூச்சியக்கா ஸ்வெட்டரின் பையைத் தடவிப் பார்த்தாள். "இந்த வாசனை லேசுல போகாதுடி," என்றாள். "ஒருதடவை துணியில ஏறினா நம்ம மூக்குக்குத்தான் தெரியாது. அதுங்க வந்துக்கிட்டேதான் இருக்கும்."

"போற வரைக்கும் தோய்," என்றாள் தங்கை.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிறதா என்று பூச்சியக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஸ்வெட்டரைச் சுற்றி அந்துப்பூச்சிகள் இன்னும் விட்டபாடில்லை. அவற்றைக் கையால் ஓட்டிக்கொண்டே நெடுநேரம் நின்றாள்.