மேற்கையில் ஐந்து தடிப்புகள்

பிஸ்கட் ஆலையின் உள்வாசலில் பெண்கள் வரிசையாகக் கைகளை நீட்டியபடி நின்றார்கள். நகம், மோதிரம், புண் ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே பிஸ்கட் கட்டும் கூடத்துக்குள் விடுவது வழக்கம். பட்டப்பகலிலும் விளக்கடித்துப் பார்ப்பதால் மேற்பார்வையாளருக்கு டார்ச்சு என்று பெயர். பதினோர் ஆண்டுகளாகப் பெட்டி அடுக்குபவளின் முன்னால் அவர் வந்து நின்றார்.

அவளுடைய மேற்கையில் ஐந்து தடிப்புகள் காசளவில் சிவந்து வீங்கியிருந்தன.

"என்னம்மா இது, சொறியா?"

"இன்சுலின் போட்ட இடம் சார். வயித்துலயே போட்டுப் போட்டு கட்டி கட்டியா ஆயிருச்சு. நர்ஸம்மா இடத்த மாத்தச் சொன்னாங்க. புது மருந்து தோலுக்கு ஒத்துக்கல."

"எங்க மாமனாருந்தான் ஊசி போடுறாரு. அவருக்கு இப்படியா இருக்கு?"

"அவரு தோல் வேற, என் தோல் வேற சார்."

பின்னால் நின்றவள் இடுப்பில் இடித்தாள். "சும்மா இரு அக்கா. பொழப்புக்கு உலை வெச்சுக்காத."

வாரத்துக்கு ஒரு நாள் வரும் ஆலை மருத்துவர் அன்று வந்திருந்தார். டார்ச்சு அழைத்து வந்த அவளைக் கண்டதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். அவள் நீட்டிய மருத்துவமனைச் சீட்டை மேசையில் வைக்கச் சொன்னார்; வைத்ததைப் படிக்கவில்லை.

"ஒட்டுமா சார்?" என்றார் டார்ச்சு.

"ஒட்டாதுன்னு எழுதிக் குடுத்துட்டு நாளைக்கு நான் மாட்டிக்கணுமா?"

"தொட்டுப் பாருங்க சார்" என்றாள் அவள்.

"படிச்சது நீயா, நானா?"

"படிச்சவங்கன்னுதான் சீட்டக் குடுத்தேன்."

இவ்வளவு பெரிய படிப்பு இந்தச் சிறு தடிப்புக்கு அஞ்சி ஒதுங்குவதைப் பார்க்க அவளுக்கு ஏளனமாக இருந்தது. மருத்துவர் ஒட்டும் தோல்நோய் என்று எழுதிக் கையெழுத்திட்டார். கட்டும் கூடத்திலிருந்து அவளைத் துப்புரவுக்கு மாற்றினார்கள். அங்கே பாதிச் சம்பளம். மருத்துவ விடுப்பு கிடையாது. மாதந்தோறும் மருந்துக்காக மருத்துவமனை வரிசையில் நிற்கும் நாளின் கூலி இனி அவளுக்கில்லை.

"பிஸ்கட்டத் தொடாத, அவ்வளவுதான். கம்பெனி உன்ன ரோட்டுலயா விட்டுருச்சு?" என்றார் டார்ச்சு.

"மகராசனா இருங்க" என்றாள், அவர் முகத்தைப் பாராமலே.

துப்புரவுக்காரர்களின் நீல அங்கி மணிக்கட்டு வரை மூடியது. கையுறை அந்தப் பிரிவுக்குத் தருவதில்லை. மாலைக்குள் நான்கு கழிப்பறைகளைக் கழுவினாள். பிறகு அதிகாரிகளின் தேநீர்க் கோப்பைகளைக் கழுவினாள். அது துப்புரவுப் பெண்களின் வேலை என்று எவரும் எழுதி வைத்ததில்லை. என்றும் அப்படித்தான் நடந்துவந்தது. ஒவ்வொரு கோப்பையின் உள்ளும் விரலை விட்டுச் சுழற்றித் தேய்த்து, தேநீர் ஊற்றித் தட்டில் எடுத்துச் சென்றாள்.

தட்டைக் கொண்டுவந்தவள் யாரென்று அறையில் எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மருத்துவர் ஒரு கோப்பையை எடுத்து ஊதிக் குடித்தார்.

"அந்தம்மா அப்புறம் எதையும் தொடலையே?"

"கிட்டவே விடல சார்" என்றார் டார்ச்சு.

மருத்துவர் மிச்சத்தையும் குடித்து முடித்து, இன்னொன்று வேண்டுமென்று காலிக் கோப்பையை அவள் பக்கம் நீட்டினார்.