இருநூற்றுப் பதினான்கு கோடி லிட்டர்

அறையில் இருந்தவர்கள்: வெள்ள எச்சரிக்கை நிரலை எழுதிய ருக்சாந்த்ரா. அவளுடைய மேலாளர் ஹோரியா. அணைக்கட்டு அலுவலகத்திலிருந்து வந்த டோரு. எழுதுகிறவனைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

1

இந்தக் கதை ஒரு கெட்ட பழக்கத்திலிருந்து பிறந்தது. பைத்தான் மொழியையும் அதன் கணித நூலகங்களையும் உலாவிக்குள் ஓடவைக்கிறவர்கள், தேறாத சோதனைகளைத் 'தெரிந்த தோல்வி' என்று குறித்துவிட்டு மேலே போவார்கள். குறித்துவிட்டால் அறிக்கையில் சிவப்பு இருக்காது. நானும் குறித்திருக்கிறேன். (ஒரு தடவை அல்ல.)

2

'க்ளூஜ் நகரில் அன்று காலை ருக்சாந்த்ரா அச்சத்துடன்...'

அடித்துவிட்டேன். அப்போது அவளுக்கு அச்சமே இல்லை. எழுபத்திரண்டு சோதனைகளைக் குறித்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

டோரு அவளுடைய நிரல் இருந்த பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டார். மாலைக்குள் பள்ளத்தாக்கின் முப்பத்தொரு ஊர் அலுவலகங்களிலும் ஏற்ற வேண்டும். அங்கே இணையம் பாதி நாள் இருக்காது. அதனால்தான் வெள்ளக் கணக்கு முழுவதும் உலாவிக்குள்ளேயே நடக்க வேண்டியிருந்தது. மறுநாள் கனமழை என்று அறிவித்திருந்தார்கள்.

"பச்சைன்னா தூங்கு, சிவப்புன்னா ஓடு. அவ்வளவுதானம்மா? எங்க ஊர்த் தலைவருக்குப் புரிஞ்சா அவர் மாட்டுக்கும் புரிஞ்சிடும்."

"அவ்வளவுதான் சார். கன மீட்டர்ல போட்டா போதும்."

"அத நேத்தே எங்க ஆபீஸ்ல லிட்டருக்கு மாத்திட்டோம். இருபத்தஞ்சு லட்சம் கன மீட்டர்னா ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். இருநூத்தம்பது கோடி லிட்டர்னு சொல்லிப் பாரு, செருப்பப் போட மறந்து ஓடுவான்."

சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.

3

அவள் குறித்த சோதனைகளில் ஒன்று கூட்டல். அவள் உலாவிக்குள் கொண்டுவந்த பைத்தானில் ஒரு முழு எண் இருநூற்றுப் பதினான்கு கோடியைத் தாண்டினால், கழித்தல் குறியோடு அதலபாதாளத்தில் விழுந்தது. கன மீட்டரில் அவ்வளவு பெரிய எண் வராது என்று விட்டிருந்தாள். லிட்டரில் வரும். கழித்தல் என்றால் அபாய எல்லைக்குக் கீழே. கீழே என்றால் பச்சை. பெருவெள்ளம் வரும்போது, அப்போது மட்டும், பச்சை.

(இங்கே அவளை உடனே கத்தவைத்தேன். பொய்யாக இருந்தது. அவள் ஹோரியாவின் முகத்தைத்தான் பார்த்தாள். டோருவின் போன் எண் அவரிடம்தான் இருந்தது.)

"ஹோரியா, கூட்டல் சோதனை தேறல. அவருக்குப் போன் போடுங்க."

"அதான் குறிச்சிட்டியே?"

"குறிச்சேன். தேறல."

"திங்கக்கிழமை திருத்தி அனுப்பு. இப்ப சொன்னா ஒப்பந்தமும் போச்சு, நீயும் போன."

"மழை நாளைக்கு."

"எழுபத்திரண்டையும் அவர் முன்னாடி படிச்சுக் காட்டப் போறியா, ருக்சி?"

4

இந்தக் கதைக்கு நான் எழுதிய ஒரு முடிவில் அவள் உட்கார்ந்துவிடுகிறாள். மழை குறைவாகப் பெய்கிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. அதை எழுத எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பயமாக இருப்பது அதுதான். இன்னொன்றில், பச்சைத் திரைக்கு முன்னால் ஓர் ஊர்

இல்லை.

கீழே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. மேலங்கியைக்கூட எடுக்காமல் அவள் ஓடினாள். காரைப் பிடித்தாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இந்த அறை மட்டும். படிகளில் அவள் காலடிச் சத்தம் ஓயும்வரை ஹோரியா காத்திருந்தார். பிறகு, டோருவுக்குப் போன் போடாமலே, எழுந்துபோய்க் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினார்.