இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, ஒரு கோழை

1

ஒரு மனிதன் ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பயந்ததால் உண்டான கதை இது. சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். கதையாக எழுத ஐந்து நாள் ஆகிவிட்டது. இலக்கியம் இப்படியும் பிறக்கிறது என்பதில் எனக்கு வெட்கம்தான். எழுதுவதை நிறுத்துகிற அளவுக்கு இல்லை.

முதல் தொடக்கம்: 2003ஆம் வருஷம் ஜூன் மாதம், திருவனந்தபுரத்தின் மேல் கருமேகங்கள் தம் சோகத்தையெல்லாம்... (வேண்டாம். மேகத்துக்கு ஒரு சோகமும் கிடையாது.)

இரண்டாவது தொடக்கம்: தளவாய் நல்லவன். (இதற்கு மேல் எழுத வரவில்லை.)

2

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தளவாய் ஆரியசாலையில் ஒரு வற்றல் மிளகாய் மொத்தக் கடையில் குமாஸ்தா. சாயங்காலமானால் கதை எழுதுவான். அவன் மனைவி சுஜா கழக்கூட்டத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, வாயில் எதையோ மென்றுகொண்டே பேசிப் பதிவு செய்வார்கள். சுஜா அதைக் காதில் வாங்கி, காலால் ஒரு பெடலை மிதித்து ஒலியை நிறுத்தி நிறுத்தி, ஆங்கிலத்தில் டைப் அடித்து அனுப்ப வேண்டும். கம்பெனியில் வரி வரியாகப் பிழை பார்ப்பவர்கள் இரண்டு வருஷமாக அவள் வேலையில் ஒரு பிழையும் கண்டதில்லை. அந்த வீட்டில் யார் எழுதுவதைக் கடைசி வரிவரை படிக்க ஆள் இருந்தது என்று இதிலிருந்தே தெரியும்.

கம்ப்யூட்டர் இரண்டு. கம்பெனி அவளுக்குக் கொடுத்தது ஒன்று, தளவாய் பழையதாக வாங்கியது ஒன்று. மேஜை சிறியது என்பதால் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஒவ்வொன்றுதான். நடுவில் சோப்பு டப்பா அளவில் ஒரு சுவிட்ச் பெட்டி. அதன் பொத்தானை ஒரு தடவை அமுக்கினால் அவளுடைய கம்ப்யூட்டர் திரைக்கு வரும். இன்னொரு தடவை அமுக்கினால் அவனுடையது. (இதைத் தாம்பத்தியத்துக்கு உவமையாக்கி ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாம்.)

3

மழை வரும்போல் இருந்த ஒரு சாயங்காலம். சுஜா ஒரு ரிப்போர்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு, மொட்டைமாடியில் காயும் துணியை எடுக்க ஓடினாள். ஓடும்போதே பொத்தானை அமுக்கினாள்.

"ஒங்க கம்ப்யூட்டர போட்டிருக்கேன், கேட்டியளா! நான் வாறது வரைக்கும் எழுதுங்க."

தளவாய்க்குக் கேட்டது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் பொத்தானை அமுக்குவது அவன் கைக்குப் பழக்கம். அமுக்கினான். அவள் அவனுக்காக மாற்றி வைத்தது பழையபடி அவளுடையதாக மாறிவிட்டது.

திரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தளவாய் கீபோர்டின் கட்டைகளில் ஒட்டிய தமிழ் எழுத்துகளைக் குனிந்து தேடித் தேடி, ஒற்றை விரலால் அடிப்பவன். அன்றைக்கு எழுத்து பிரமாதமாக வந்தது. பன்னிரண்டு வரி முடித்து நிமிர்ந்தால், யாரோ ஓர் அமெரிக்கரின் நெஞ்சுவலிக்கு நடுவில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகப் பன்னிரண்டு வரி. அவள் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு கிடையாது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தளவாய் குப்பையை மவுஸால் வளைத்துப் பிடித்து அழித்தான். கூடவே சுஜா அடித்திருந்த ஒரு வரியும் போனதை அவன் கவனிக்க...

(இந்த இடத்தில் மூன்று நாள் நின்றேன். கவனிக்கவில்லை என்று எழுதினால் தளவாய்க்குச் சௌகரியம். கவனித்தான். ஒரு வரிதானே என்று நினைத்தான்.)

பொத்தானை அமுக்கிவிட்டு, எழுத்தாளன் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சுஜா ரிப்போர்ட்டை முடித்து அனுப்பிவிட்டாள்.

4

அழிந்த வரி இது: நோயாளிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது.

கம்பெனியில் பிழை பார்க்கும் வினய் அதைப் பிடித்துவிட்டான். அமெரிக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது சுஜாவுக்குத்தான். ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். டாக்டர் அந்த ஒன்றை மட்டும் மணிமணியாகச் சொல்லியிருந்தார்.

"இவ்வளவு தெளிவாட்டு சொல்லியிருக்காரு. எனக்கு கேக்கல்ல, பாத்தியளா" என்றாள். "ஒரு ஆளு செத்திருப்பாரு."

"சாரமில்ல, விடு" என்றான் தளவாய். (பரவாயில்லை என்பதை இந்த ஊரில் இப்படிச் சொல்வார்கள்.)

கதையில் அவன் பேசும் ஒரே வசனம் இதுதான். இதைவிட நல்லதாக ஒன்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். சொல்ல மாட்டேன் என்கிறான்.

அதன்பிறகு சுஜா ஒவ்வொரு வரியையும் நாலு தடவை கேட்டாள். பத்து ரிப்போர்ட் முடிக்கிற நேரத்தில் மூன்று முடித்தாள். குக்கர் விசில் அடித்தால், "இது மூணாவதா, நாலாவதா?" என்று அவனிடம் வந்து கேட்டாள். காதை நம்பிப் பிழைத்தவளுக்குக் காதின் மேல் நம்பிக்கை போய்விட்டது. வேலையை விடுவதாக வினய்க்கு ஒரு கடிதம் அடித்து வைத்திருக்கிறாள். அனுப்புவதற்கு முன்னால் காது டாக்டரைப் பார்த்துவிடலாம் என்று இன்று கரமனைக்குப் போயிருக்கிறாள்.

5

முடிவு அ: தளவாய் உண்மையைச் சொல்கிறான். சுஜா சிரித்துவிட்டுக் காப்பி போடுகிறாள். (தளவாய் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் ஆகாது.)

முடிவு ஆ: சுஜாவுக்கு எல்லாம் முதலிலேயே தெரியும். (சொல்ல வேண்டியதைச் சொல்லாத கணவர்கள் கதை எழுதினால் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருக்கும். சொல்கிற வேலை மிச்சம்.)

முடிவு இ: காதில் லேசாகக் குறை இருப்பதாக டாக்டர் சொல்லிவிடுகிறார். (இதை ஆசையோடு எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.)

தளவாய் என்று யாரும் இல்லை. நான்தான். உங்களுக்கு இரண்டாம் பகுதியிலேயே தெரிந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சுஜா இந்த ஊரில் பிறந்து மலையாள மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. ஐந்து நாளாக நான் குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பது அவளால் படிக்க முடியாத எழுத்தில்.

6

வந்துவிட்டாள். நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாள்.

"காது ரெண்டும் நல்லாத்தான் இருக்காம். பின்ன மண்டைதான் கேடு. எந்திரிங்க, அந்த லெட்டர அனுப்பிட்டு வாறேன்."

"ஒரு நிமிஷம். முடிவு மட்டும் பாக்கி" என்கிறேன்.

திரையைப் பார்க்கிறாள். மவுஸை வாங்கி மேலே மேலே நகர்த்துகிறாள்.

"அம்மாடி, இவ்வளவு எழுதியிருக்கியளா? நல்லதாப் போச்சு. வாசிங்க, நான் கேக்கேன். மனசு கொஞ்சம் மாறும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதலிலிருந்து வாசித்தால் மூன்றாம் பகுதிக்கு வர நாலைந்து நிமிஷம் ஆகும். அதற்குள் கரண்ட் போகலாம், யாராவது வரலாம். மூன்றிலிருந்தே தொடங்கினால் என்னைக் காப்பாற்ற எதுவும் வராது. எங்கிருந்து தொடங்கட்டும்? உங்களைத்தான் கேட்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.