எந்த இடத்தில் வலித்தது?

செத்த எலியைத் தூக்கி வந்தவளைப் போல பிளாஸ்டிக் பையை இரண்டு விரலால் பிடித்து, லைப்ரரி டீச்சர் வீட்டு மேசைமேல் வைத்தாள் வங்கிக்காரம்மா. உள்ளே இருந்ததென்னவோ ஒரு கரடிக் கதைப் புத்தகம்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ஸ்கூல்ல பேசினா நாலு பேர் காதுல விழும். அதான் வீடு தேடி வந்தேன்."

டீச்சருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வந்திருப்பவள் பெற்றோர் சங்கத் தலைவி. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

வங்கிக்காரம்மா புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை. அதிலிருந்து தலைநீட்டிக்கொண்டிருந்த அட்டையைப் பையின் மேலாகவே தட்டிக் காட்டினாள். "இந்தப் பேரு. பொணவறையில வேலை பார்க்கிறவர் பொண்ணுதானே? அவர் என்னத்தையெல்லாம் தொட்டுட்டு வீட்டுக்குப் போறாரோ. அங்க இருந்து வந்த புக்கை எம்பொண்ணு தலைமாட்டுல வச்சுத் தூங்குறா."

அந்த அட்டை டீச்சரின் சொந்த யோசனை. நூலகத்தின் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்று உண்டு. படித்து முடித்த பிள்ளை அதில் தன் பெயரை எழுத வேண்டும். பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில்: கதையில் உனக்கு எந்த இடத்தில் வலித்தது? அடுத்து எடுக்கும் பிள்ளை அதைப் படித்துவிட்டுத்தான் கதைக்குள் நுழையும். அடுத்தவர் வலியை வாசல்படியாக வைத்தால் கல்நெஞ்சும் கொஞ்சம் குனிந்து வரும் என்று நினைத்தாள். இரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது. பெரியவர்கள் வலியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் படிப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. யார் வீட்டுக்குள் எந்தப் புத்தகம் போய் வந்தது என்று அவளே பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

டீச்சரின் அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். முப்பது வருஷம் ஆஸ்பத்திரித் துணி துவைத்த கை. ரத்தம், சீழ், பிணத்தின்மேல் போர்த்திய துணி, எல்லாம் அலசிய கை. அந்தக் கை உழைப்பில்தான் மகள் பட்டம் வாங்கினாள். வங்கிக்காரம்மா டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்தாள்.

"நீங்க நம்மள மாதிரி. உங்களுக்குச் சொன்னா புரியும்" என்றாள் எழுந்துகொண்டே.

டீச்சர் தலையாட்டிவிட்டு வாசல்வரை போய் வழியனுப்பினாள். அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு பள்ளியில் யாரும் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிள்ளைகள் அலமாரிமுன் நின்று முதலில் அட்டையை உருவிப் பார்த்தார்கள். அந்தப் பெயர் இருந்தால் சத்தமில்லாமல் செருகிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போனார்கள். எல்லா வீட்டிலும் இதற்குப் பாடம் நடந்திருக்க வேண்டும், ஒருத்தனும் தப்பு செய்யவில்லை. இருபத்துமூன்று புத்தகங்கள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. நன்றாகப் படிக்கிற பெண், ஆகவே நிறையப் புத்தகங்கள்.

ஹெட்மாஸ்டர் நல்லவர். நல்லவர்களுக்கே உரிய வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். "பேரை மறைச்சு நம்பர் போட்டுடுங்க டீச்சர். பாம்பும் சாகும், கம்பும் உடையாது."

டீச்சர் எல்லா அட்டைகளிலும் எல்லாப் பெயர்களின்மேலும் வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டி எண் எழுதினாள். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தொன்று. காகிதம் ஒட்டியிருந்த இடத்தை அந்தச் சிறுமி விரலால் தடவிப் பார்த்தாள்.

"எம்பேரைத் தப்பா எழுதிட்டேனா டீச்சர்?"

"இல்லம்மா. எல்லாருக்கும்தான் ஒட்டியிருக்கு."

"யாருக்காக?"

மணி அடித்தது. தப்பித்தாள் டீச்சர்.

பெற்றோர் தினத்தன்று ஹெட்மாஸ்டர் சில அட்டைகளைக் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். பிள்ளைகள் தரையில், பெற்றோர் நாற்காலியில். பிணவறைக்காரர் மட்டும் சுவரோரமாக நின்றார், தலை ஈரம் காயாமல், சோப்பு வாசனையோடு. பக்கத்து நாற்காலிகள் இரண்டு காலியாக இருந்தன.

சங்கத் தலைவியாயிற்றே, வங்கிக்காரம்மாதான் அட்டைகளைப் படித்தாள். மூன்றாவது, கரடிக் கதையின் அட்டை. ஊர் விருந்தில் தன் பக்கத்தில் யாரும் உட்காராத கரடியின் கதை அது. அவள் படித்தாள்: "கரடி கையைக் கழுவிட்டுத்தான் வந்துச்சு. அதை யாரும் பார்க்கலை."

குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "முப்பத்தொண்ணு யாரு? இந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்க டீச்சர். எம்பொண்ணு இவகூட உக்காந்து படிக்கட்டும்."

ஹெட்மாஸ்டர் டீச்சரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். அதற்குள் தரையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"நான்தான் ஆன்ட்டி."

பிணவறைக்காரரின் மகள் எழுந்து நின்றாள்.

வங்கிக்காரம்மாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. "நல்லா எழுதியிருக்கேம்மா" என்றாள். அட்டையைக் கயிற்றில் மாட்டினாள். பிறகு, தனக்கே தெரியாமல், அந்தக் கையைப் புடவையில் துடைத்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

அவள் மகள் முதல் வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கூடம் காலியானதும் டீச்சர் அட்டைகளைக் கழற்றினாள். கரடி அட்டையில் முப்பத்தொன்றைக் காணோம். யாரோ நகத்தால் சுரண்டிக் காகிதத் துண்டைப் பிய்த்திருந்தார்கள். அடியிலிருந்த பெயர் வெளியே தெரிந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. எண் போடாமல், முழுப் பெயரையும் எழுதியிருந்தாள் வங்கிக்காரம்மாவின் மகள். எந்த இடத்தில் வலித்தது என்பதற்கு எதிரே:

"அம்மா கையைத் துடைச்சப்ப."

டீச்சர் அதை இரண்டு முறை படித்தாள். எழுத்துக் கோணலாக இருந்தது. பென்சிலை அழுத்திய அழுத்தத்தில் அட்டை பின்பக்கம் புடைத்திருந்தது. நூலகத்துக்குப் போய் அசையாத புத்தகங்களை மேசையில் அடுக்கினாள். முதல் அட்டையை உருவி, நகத்தை ஓரத்தில் கொடுத்தாள்.

வாசலில் ஹெட்மாஸ்டர் சாவியோடு நின்றார். "இன்னும் சாத்தலையா டீச்சர்?"

"எங்கம்மா பொணத்துணி துவைச்சவ சார். அந்தம்மாவுக்குச் சொல்லிடுங்க, அன்னிக்கு எங்க வீட்டுல குடிச்ச தண்ணி எங்கம்மா கையால குடுத்ததுதான்." அவள் நிமிரவில்லை. "இன்னும் இருபத்திரண்டு இருக்கு. சாவியை வச்சுட்டுப் போங்க."