குதிகாலில் ஒரு சொட்டு

குழந்தை நடுங்கிக்கொண்டிருந்தது, சர்க்கரை பார்க்கும் மெஷினோ நூற்று அறுபத்தெட்டு என்று காட்டியது. இரண்டும் எப்படிச் சேர்ந்து நடக்கும் என்பதுதான் ஜாய்லினுக்குப் பிடிபடவில்லை.

பகல் இரண்டு மணி. சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையை ஒட்டிய மருத்துவமனையின் பிரசவ வார்டு. பிறந்து மூன்று மணி நேரமே ஆன பெண் குழந்தை, நாலு கிலோ முந்நூறு கிராம். பார்த்தவர்கள் எல்லாரும் கன்னத்தைக் கிள்ளாத குறைதான். தாய் சுபலட்சுமி அறுவை சிகிச்சை முடிந்து பக்கத்துக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். ஆறாம் மாதத்தில் அவளுக்குச் சர்க்கரை வந்து, பிரசவம் வரை ஊசி போட்டுக்கொண்டவள்.

ஜாய்லின் அந்த மருத்துவமனையின் நர்ஸ் அல்ல. ஓர் ஆய்வுக்காக அங்கே வேலை பார்ப்பவள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்த தாய்மாரின் குழந்தைகளை, பிறந்த நிமிடத்திலிருந்து ஆறு வயது வரை பின்தொடரும் ஆய்வு அது. எந்தக் குழந்தை வளர வளர அளவுக்கு மீறிப் பருமனாகிறது, எந்தக் குழந்தைக்குப் பிறந்த அன்றே ஆபத்து வருகிறது, இரண்டுக்கும் ஒரே வேர்தானா என்று பார்ப்பார்கள். பிறந்த குழந்தையை நிறுப்பது, தொடைச் சதையின் கனத்தை அளப்பது, குறித்த மணிக்குக் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது இவள் வேலை.

இப்படிப்பட்ட குழந்தைக்குச் சர்க்கரை ஏறாது, இறங்கும். ஏன் என்று ஜாய்லின் எத்தனையோ தாய்மாருக்கு விளக்கியிருக்கிறாள். தாயின் ரத்தத்தில் உள்ள மிகுதிச் சர்க்கரை தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. இன்சுலின் மட்டும் அந்த வழியில் போவதில்லை. அதனால் வருகிற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே இரட்டிப்பு வேலை செய்து இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின்தான் மிஞ்சிய சர்க்கரையைக் கொழுப்பாக மாற்றிக் கன்னத்திலும் தொடையிலும் சேர்த்து வைக்கிறது. எல்லாரும் ஆசையாகக் கிள்ளப் பார்ப்பது அதைத்தான். பிறந்ததும் கொடியை வெட்டுகிறோம். சர்க்கரை வரத்து அந்த நொடியே நின்றுபோகிறது. ஆனால் கணையத்துக்கு அது தெரியாது. இன்னும் சில மணி நேரம் பழைய வேகத்திலேயே சுரக்கும். வரவு இல்லாத உடம்பில் இருக்கும் கொஞ்சத்தையும் அது இழுத்துவிடும். மூளைக்குத் தீனி இல்லாமல் போகும். முதலில் கைகால் நடுங்கும், பிறகு குழந்தை துவளும், பிறகு வலிப்பு.

பன்னிரண்டு மணிக்கு ஐம்பத்தொன்று இருந்தது. நாற்பத்தைந்துக்குக் கீழே போகாதவரை பயமில்லை. இப்போது பார்க்கிறபோது குழந்தை நடுங்குகிறது, பால் குடிக்க வாய் திறக்கவில்லை, அழுகை முனகலாகிவிட்டது. மெஷின் மட்டும் நூற்று அறுபத்தெட்டு என்கிறது.

ஜாய்லின் இடது காலை விட்டு வலது காலில் குத்தினாள். இருநூற்று நான்கு. வார்டு மெஷினை வாங்கி அதில் பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு. கடைசியில் தன் கையுறையைக் கழற்றி, விரலைக் குத்தி, அதே மெஷினில் தன் ரத்தத்தைப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. மெஷினில் பிழை இல்லை.

சிவகிரியில் அவள் வருஷா வருஷம் எடை பார்க்கப் போகும் ஒரு சிறுமியின் முகம் கண்முன் வந்தது. அந்தப் பிள்ளையும் இப்படித்தான் கொழுகொழுவென்று பிறந்தது. வேறொரு மருத்துவமனையில் பிறந்து, பின்னால் ஆய்வில் சேர்ந்த பிள்ளை; பிறந்த அன்று சர்க்கரை இறங்கியதை நாலைந்து மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. ஐந்து வயதாகிறது. கூப்பிட்ட திசையில் தலையைத் திருப்பும். பார்வை மட்டும் எங்கேயோ நிற்கும்; கண் தெரியாது.

டாக்டர் கோமதிசங்கர் வந்தார். குழந்தையின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், தாளைப் பார்த்தார். நரம்பிலிருந்து ரத்தம் எடுக்க இரண்டு கையிலும் முயன்றார். கொழுத்த கையில் நரம்பு தட்டுப்படவில்லை.

"சுகர் இருநூறு இருக்கு. அப்ப இது சுகர் இல்லம்மா. கிருமியா இருக்கலாம், மூளையில ரத்தக்கசிவா இருக்கலாம். இங்கன வச்சுப் பார்க்க முடியாது. திருநெல்வேலிக்கு அனுப்பிருவோம்."

"சார், பார்த்தா லோ சுகர் மாதிரியே இருக்கு. ஒரு தடவை குளுக்கோஸ் குடுத்துப் பார்த்தா?"

"இருநூறு இருக்க பிள்ளைக்கு மேல ஏத்தச் சொல்லுதியா? ரத்தக்கசிவா இருந்தா அதுவே கெடுதலா முடியும். நம்பரைத்தான நாம நம்பணும்?"

அவர் ஆம்புலன்ஸுக்கு ஆள் அனுப்பப் போனார். திருநெல்வேலி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். டாக்டர் நினைப்பது சரியென்றால் போவது நல்லது. ஜாய்லினின் பயம் சரியென்றால், அந்த ஒன்றேகால் மணி நேரமும் குழந்தையின் மூளை பட்டினியில் வாடும்.

"யக்கா, என் பிள்ளைக்கு என்னாச்சு?" என்றாள் சுபலட்சுமி. எழுந்திருக்க முடியாமல் கழுத்தை மட்டும் திருப்பினாள்.

"பார்த்துக்கிட்டே இருக்கோம்மா. நீ அசையாத."

கட்டிலின் கால்மாட்டில் சுபலட்சுமியின் கணவனுடைய அக்கா தங்கத்தாய் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து வார்டையே ஆட்டி வைத்தவள். "எங்க வம்சத்துல நாலு கிலோவுக்கு ஒருத்தி பிறந்ததில்ல, கண்ணு வைக்காம எடையைப் போடுங்க சிஸ்டர்," என்று தராசிடமே வம்பு பேசியவள். இப்போது சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்காகக் குழந்தையைத் துணியில் சுற்றலாம் என்று ஜாய்லின் புதுக் கையுறை மாட்டிப் பாதத்தைப் பிடித்தாள். விட்டபோது கையுறை வரவில்லை. ரப்பர் அரை நொடி குதிகாலோடு ஒட்டிக்கொண்டு, பிறகு 'சட்'டென்று விட்டது.

மறுபடி தொட்டாள். மறுபடி ஒட்டியது. மற்றக் காலும் அப்படியே.

"பிள்ளை கால்ல யாரு என்ன தடவினது?"

ஜாய்லின் தங்கத்தாய் பக்கம் திரும்பினாள்.

"யக்கா, உங்களைத்தான் கேக்கேன். நான் பன்னிரண்டு மணிக்குக் குத்திட்டுப் போன பிறவு யாரு பிள்ளையைத் தூக்கினது?"

"நான்தான் தூக்கினேன். அத்தைக்காரி தூக்கக் கூடாதா?"

"தூக்கலாம். கால்ல என்ன?"

"சேனை வச்சேன்."

ஜாய்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்த பிள்ளையின் நாக்கில், குணசாலி என்று பேரெடுத்த ஒருத்தி இனிப்பு தொட்டு வைப்பது சேனை. வைத்தவளின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. வார்டுச் சுவரில் அதைச் செய்யக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

"வாயிலயா வச்சிய?"

"வாயில வைப்பேனா? நீங்கதான தாய்ப்பாலத் தவிர ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதுன்னு சொன்னிய. அதான் வாயிக்குப் பதிலா கால்ல வச்சேன். ரெண்டு கால்லயும் விரலால தொட்டு நல்லாத் தடவிவிட்டேன். போற பாதையெல்லாம் இனிப்பா இருக்கட்டும்னு." குரல் இறங்கியது. "உங்க பேச்சைக் கேட்டுத்தான செஞ்சேன்? அதுலயா பிள்ளைக்கு ஆகாமப் போச்சு?"

"எதைத் தொட்டு வச்சிய? சீனியா?"

"சீனி பழசு. சுத்தமா இருக்கணும்னு கீழ மெடிக்கல்லயே வாங்கினேன். குளுக்கோஸ் பவுடர்."

ஜாய்லின் கண்ணை மூடித் திறந்தாள். சீனியாக இருந்திருந்தால்கூட மெஷின் ஏமாந்திருக்காது. மெஷினில் செருகும் ஸ்ட்ரிப்பில் தடவியிருக்கும் மருந்துக்குத் தெரிந்தது குளுக்கோஸ் ஒன்றுதான்; சீனியை அது கண்டுகொள்ளாது. குளுக்கோஸ் எங்கே இருந்து வந்தது என்றும் அதற்குத் தெரியாது. ரத்தத்தில் இருந்ததையும் தோலில் இருந்ததையும் சேர்த்தே எண்ணும். மெஷின் குடிப்பது கடுகில் பாதி அளவு ரத்தம். அதை இருநூறு என்று காட்ட வைக்கக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி போதும். குத்துமுன் அவள் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தது உண்மைதான். ஸ்பிரிட் கிருமியைக் கொல்லும்; குளுக்கோஸைச் சரியாகக் கரைக்காது. துடைத்தது போக மிச்சம் தோலிலேயே காய்ந்திருக்கிறது.

"சார்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். "சார், ஒரு நிமிஷம் பிள்ளையை ஏத்தாதீங்க!"

டாக்டர் வருவதற்குள் வெதுவெதுப்பான தண்ணீர் வந்துவிட்டது. ஜாய்லின் கையுறையை மாற்றினாள். குதிகாலை இரண்டு முறை கழுவினாள். ஈரம் ரத்தத்தில் கலக்காதபடி புதுத்துணியால் ஒற்றி உலர்த்தினாள். குத்தினாள். முதல் சொட்டைத் துடைத்து எறிந்தாள். இரண்டாவது சொட்டை ஸ்ட்ரிப்பில் தொட்டாள்.

மெஷின் ஐந்து நொடி எண்ணியது. அந்த ஐந்து நொடியில் குழந்தையின் நடுக்கம் நின்றது. நல்லதற்கு அல்ல, கை துவண்டு துணிமேல் விழுந்தது.

இருபத்து மூன்று.

டாக்டர் கையுறையை மாட்டினார். கையில் நரம்பு தேடி நேரத்தை வீணாக்காமல், வெட்டி முடிச்சிட்ட தொப்புள்கொடியின் மிச்சத்தைத் துடைத்து, அதன் நரம்புக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தினார். மூன்று மணி நேரம் முன்பு வரை சர்க்கரை வந்துகொண்டிருந்த அதே வழி. பத்து சதவீதக் குளுக்கோஸ், கிலோவுக்கு இரண்டு மில்லி, ஆக எட்டரை மில்லி. மெதுவாக ஏற்றினார். அதன் பின்னால் சொட்டு சொட்டாக இறங்கும் பாட்டிலை மாட்டினார்.

தங்கத்தாய் சுவரோடு ஒட்டி நின்றாள். "நான் பிள்ளையைக் கொன்னுட்டேனா சிஸ்டர்?"

"நீங்க பிள்ளைக்குச் சுகரைக் குறைக்கல யக்கா. குறைஞ்சதை மறைச்சிட்டிய. இருங்க, பார்ப்போம்."

கால் மணி நேரம் கழித்துக் கழுவிய மற்றக் காலில் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு. இன்னும் அரை மணியில் அறுபத்து நான்கு. குழந்தை வாயைத் திறந்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதது. சுபலட்சுமியும் அழுதாள். டாக்டர் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பவில்லை; இரண்டு நாள் கண்காணிப்பு வேண்டும் என்று, பாட்டில் ஓடிக்கொண்டிருக்கவே குழந்தையைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்.

ஜாய்லின் ஆய்வுத் தாளை எடுத்தாள். நூற்று அறுபத்தெட்டு, இருநூற்று நான்கு, நூற்றுத் தொண்ணூறு மூன்றையும் கோடிட்டு அடித்து, 'தோலில் குளுக்கோஸ்' என்று பக்கத்தில் காரணம் எழுதினாள். பிறகு தாளின் தலைப்பில், அடுத்து வருகிற யாருக்கும் புரியும்படி எழுதினாள்: குதிகாலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவவும். முழுக்க உலர்த்தவும். முதல் சொட்டைத் துடைத்துவிடவும். இரண்டாவது சொட்டை அளக்கவும்.