பெயின்ட் அடிக்காத ஓரம்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் முதல் யோகம் வாசல் கேட்டுக்குத்தான். இந்த முறை பச்சை பெயின்ட். மாமனார் சிவப்பிரகாசம் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: "இந்த அரக்கோணம் ரயில்வே பையனும் தட்டிப்போச்சுன்னா, நீ காட்டு வேலைய வுட்டுடணும் சுஜாதா."

என் நாத்தனார் சுஜாதாவுக்குத் திருத்தணி மலையடிவாரக் காட்டில் பூச்சிகளைக் கணக்கெடுக்கும் வேலை. மாதத்தில் பாதி நாள் முள்ளுக்குள்தான் இருப்பாள். முன்பு வந்த இரண்டு பேரும் அதைக் கேட்டதும் காபியைக்கூட முடிக்காமல் எழுந்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு டம்ளரையே பிடுங்கியிருப்பேன்.

அவளோ கவலையே இல்லாமல் கேட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கருவேல மரத்திலிருந்து இறங்கிய புழு ஒன்று, குச்சிகளை ஒட்டிச் செய்த கூட்டைச் சுமந்துகொண்டே வந்து கேட் கம்பியில் தொங்கிவிட்டதாம். அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். பெயின்டர் துரைக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். உள்ளங்கை அகலத்துக்குத் துரு அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பையனைக் காணோம். காபித் தட்டோடு எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளைப் பையன் ஸ்ரீதர் வாசலில் நின்று அந்தத் துருவில் தொங்கிய கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளறையில் இருக்க வேண்டிய சுஜாதா, பட்டுப்புடவையோடு அவன் பக்கத்தில்!

"இதுக்குள்ள இன்னா இருக்குதுங்க?" என்று கேட்டான்.

"ஒரு புழு. உள்ளயே பொண்ணு அந்துப்பூச்சியா மாறிடும். வெளியவே வராது. ஆண்தான் தேடிகினு பறந்து வரணும். அப்புறம் உள்ளயே முட்டை வெச்சுட்டு செத்துப்போயிடும். குஞ்சுப் புழுங்க நூல் வுட்டு காத்துல பறந்து, போற மரத்துல புதுசா கூடு கட்டிக்கும்."

"பாவம். ஏன் வெளிய வரமாட்டேங்குது?"

"அதுக்கு ரெக்கையும் இல்ல, காலும் இல்ல. எனக்கு ரெண்டு காலு இருக்குதுங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் பாதி நாள் காட்லதான் இருப்பேன்."

போச்சு, இதுவும் தட்டிப்போச்சு என்று நினைத்தேன். ஸ்ரீதர் கூட்டை விட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"எனக்கும் பாதி நாள் நைட் டூட்டிதாங்க. வூட்டுச் சாவிய யார்கிட்ட குடுத்துட்டுப் போறதுன்னு மட்டும் பேசிக்கலாம்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. உள்ளிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "பிரபாவதி, பொண்ண இட்டுகினு வாம்மா."

"பொண்ணு வெளிய பேசிகினு இருக்குது மாமா," என்றேன். "காபிய அங்கயே குடுத்துட்டு வர்றேன்."